அவுக பேர்ல நான் நடந்த நடை

சன்னல் பக்கமாக் கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. எனக்கு முழங்கால் மடங்காது, நீட்டித்தான் உக்காரணும். ஆமா, கோயமுத்தூருக்குத்தான். நீயும் அங்கயேவா? நல்லதாப் போச்சு.

ஆரப்பாளையத்துல வண்டி எடுத்ததுலருந்து பாக்குறேன், கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே வர்ற. நடக்கிறத எண்ணுற வாட்ச்சுதான அது? தெரியும். சார்ஜ் எப்படிப் போடணும், ரொம்ப நேரம் உக்காந்திருந்தா எப்படிக் கையில குர்ருங்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அந்த எழவைக் கண்டாலே பத்திக்கிட்டு வருது. உன்னையச் சொல்லலம்மா. கோச்சுக்காத.

எங்க வீட்டுக்காரருக்கு என் மக வாங்கிக் குடுத்தா அத. ஒரே மக. சுபாஷிணின்னு பேரு. கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா, மாப்பிள்ளையும் அங்கனதான். எங்களுக்கு மதுரையில நரிமேடு. அவுக தாலுகா ஆபீசுல இருந்து ரிட்டையர் ஆனவுக. சொக்கலிங்கம்னு பேரு. பேருக்கு ஏத்த மாதிரிதான், வச்ச இடத்துல இருப்பாக.

ரிட்டையர் ஆன மறுநா பிரம்பு நாற்காலியில உக்காந்தவுகதான். காலையில பேப்பரு, அப்புறம் டீவி, நடுவுல காப்பி. நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சுகர் வந்துச்சு. அதுக்கும் எந்திரிக்கல. நெஞ்சு அடைச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, உள்ள கம்பிவலை மாதிரி என்னமோ வச்சு அனுப்புனாக. டாக்டரு என்னையப் பாத்துத்தான் சொன்னாரு, "மாத்திரை பாதிதாம்மா, மீதி நடைதான். நீங்கதான் நடக்க வைக்கணும்"னு. என்னையப் பாத்துச் சொன்னாரு. அவுகளப் பாத்துச் சொல்லல. அவரு ஆள அளந்துட்டாரு.

அப்பத்தான் சுபா அந்த வாட்ச்ச வாங்கிட்டு வந்து அப்பன் கையில கட்டிவிட்டா. போன்லயும் என்னமோ ஏத்திவிட்டா. "அப்பா, நீங்க இங்க நடக்கிறது அங்க எனக்குத் தெரியும். எவ்வளவு தூரம், எந்தத் தெரு, நெஞ்சு எப்படித் துடிக்குது, எல்லாம் தெரியும். இன்னைக்கு உள்ளத நடந்து முடிச்சா நான் கைதட்டுற படம் அனுப்புவேன்"னா. அவுக "ம்"னாக. அம்புட்டுத்தான்.

நீ நம்ப மாட்ட, மொத மாசம் நான் பட்ட பாடு. வாட்ச்சு குர்ருங்கும். அவுக ஈ விரட்டுற மாதிரி கைய உதறிட்டு மறுபடி பேப்பருக்குள்ள போயிருவாக. நான் பேப்பரப் பிடுங்குவேன். "எந்திரிங்க, உங்க மக பாத்துக்கிட்டு இருக்கா, மானம் போகுது"ம்பேன். செருப்ப எடுத்து வாசல்ல போடுவேன். காப்பியக் காட்டி வெளிய அனுப்புவேன், நடந்துட்டு வந்தாத்தான் காப்பின்னு. பக்கத்து வீட்டு ஜெசிந்தா டீச்சர்கூடச் சிரிக்கும், "ஏங்க்கா, சாரை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற மாதிரி அனுப்புறீங்க"ன்னு. சிரிக்கட்டும். நான்தான் அவுகள நடக்க வச்சேன். இத யாரும் மறந்துறக் கூடாது.

அப்புறம் என்ன ஆச்சோ, திடீர்னு அவுகளாவே எந்திரிக்க ஆரம்பிச்சாக. நான் முழிக்கும்போது அவுக சட்டை போட்டுக்கிட்டு இருப்பாக. ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போறேம்பாக. அங்கதான் ஊரே நடக்கும், நல்லதுதானேன்னு விட்டுட்டேன். தொந்தி வத்துச்சு. சுகர் இறங்குச்சு. டாக்டரு பேப்பரப் பாத்துட்டு, "என்னம்மா மந்திரம் போட்டீங்க?"ன்னு என்னையக் கேட்டாரு. எனக்குன்னா பெருமை. பாக்குறவுக கிட்ட எல்லாம் சொன்னேன். குளிக்கும்போது பாட்டு முணுமுணுப்பாகம்மா. கல்யாணம் ஆன புதுசுல கேட்டது அந்தப் பாட்டு.

ஒண்ணுதான் இடிச்சுச்சு. நடந்துட்டு வந்தா மனுசனுக்குப் பசிக்கணும்ல? இட்லிய வச்சா, "வேணாம் பிரேமா, வயிறு நிறைஞ்சிருக்கு"ம்பாக. நடந்தா வயிறு நிறையுமா? எங்கயாச்சும் நிறையுமா?

ஒருநா சுபா போன்ல பேசிக்கிட்டு இருந்தா. அவ ஒண்ணும் நினைச்சுச் சொல்லல பாவம். "அப்பா கலக்குறாரும்மா. தினமும் செல்லூர் கண்மாய் வரைக்கும் போறாரு. மேப்புல கோடு காட்டுது. அங்க போயி ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிக்கிறாரு. யாரோ ப்ரெண்டு பிடிச்சிட்டாரு போல"ன்னு சிரிச்சா.

எனக்குச் சிரிப்பு வரல. செல்லூர்னா யாருன்னு எனக்குத் தெரியாதா?

அங்க இவுக தங்கச்சி இருக்கா. தனபாக்கியம். பேச்சுவார்த்தை அத்துப்போயி பல வருசம். ஏன் அத்துச்சுன்னு கேளு. நியாயத்த நீயே சொல்லு. என் மக படிச்சு முடிச்சு வேலைக்குப் போன புதுசு. ஒரு வெள்ளிக்கிழமை இவ பூ, பழம், வெத்தலைன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறா. தன் மகன் கதிரவேலுக்கு முறைப்பொண்ணு கேட்டு. அவன் என்ன செய்யிறான்? டூவீலர் ஒர்க்‌ஷாப்பு. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். "கிரீஸ் கையோட வந்து என் மக கையைப் பிடிக்கப் போறானா உன் மகன்?"னு கேட்டேன். கேட்டதுதான் கேட்டேன், பொய்யா கேட்டேன்? தட்டை வாசல்லயே வச்சுத் திருப்பிக் குடுத்துட்டேன். அவ என்னையப் பாக்கல. இவுகளப் பாத்து, "அண்ணே, நீ ஒண்ணும் சொல்ல மாட்டியாண்ணே?"ன்னா. இவுக செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாக. ஊத்திக்கிட்டே இருந்தாக.

அன்னையோட சரி. சுபா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கல. தனபாக்கியம் புருசன் செத்ததுக்குக்கூட இவுக போகல. நான் தடுத்தேன்னு சொல்லுவாக. நான் எங்க தடுத்தேன்? எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். காய்ச்சல்ல கிடக்குறவள விட்டுட்டுப் போறதும் போகாததும் அவுக இஷ்டம்னேன். அவுகளாத்தான் சட்டையக் கழட்டிப் போட்டாக.

இப்பச் சொல்லு. பெத்த மக வாங்கிக் குடுத்த வாட்ச்ச கையில கட்டிக்கிட்டு, நான் விரட்டி விரட்டிப் பழக்குன நடைய நடந்து, அவ வீட்டுக்குப் போயிருக்காக. எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

மறுநா அவுக கிளம்பிப் போன பிறகு ஒரு ஆட்டோவப் பிடிச்சுப் போனேன். சந்துக்குள்ள ஆட்டோ போகாதுன்னுட்டான். நடந்தேன். ஒர்க்‌ஷாப்பு வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதுல இவுக. கையில கும்பா நிறைய கேப்பைக்கூழு, தொட்டுக்க மோர் மிளகாய். தனபாக்கியம் படியில உக்காந்து என்னமோ சொல்லிக்கிட்டு இருக்கா. அந்தக் கதிரவேலு வண்டிக்குக் கீழ படுத்துக்கிட்டே ஒண்ணு சொன்னான். இவுக சிரிச்சாக பாரு. தலைய அண்ணாந்து, பல்லெல்லாம் தெரிய. என்கூட முப்பத்தெட்டு வருசம் இருந்த மனுசனுக்குக் கடவாய்ப்பல்லு ஒண்ணு இல்லைங்கிறத அன்னைக்குத்தான் பாத்தேன்.

அவதான் மொதல்ல என்னையப் பாத்தா. எந்திரிச்சு, "வாங்க மதினி, உள்ள வாங்க. ஒரு வாய் கூழு குடிங்க"ன்னா. நடிப்பு. என்ன நடிப்புங்கிற! எனக்கு என்ன வாயில வந்துச்சோ அதெல்லாம் பேசுனேன். "என் மகளத்தான் பிடிக்க முடியல, இப்ப புருசனைப் பிடிச்சிட்டியா? கூழைக் காட்டிக் கூப்பிடுறியா? நாளைக்கு இவுக விழுந்தா நீயா ஆஸ்பத்திரிக்குத் தூக்குவ?"ன்னு கேட்டேன். சந்தே வாசலுக்கு வந்துருச்சு. கதிரவேலு வண்டிக்கு அடியில இருந்து எந்திரிச்சு, துணியில கைய துடைச்சுக்கிட்டு நின்னான். "அத்தை, மாமாவுக்கு நெஞ்சு சரியில்ல, சத்தம் போடாதீங்க"ன்னான். பாத்தியா, எனக்குப் புத்தி சொல்றான்.

இவுக கும்பாவக் கீழ வச்சாக. கையக் கழுவுனாக. தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசாம என் பின்னாடி வந்து ஆட்டோவுல ஏறுனாக. வர்ற வழியில ஒண்ணே ஒண்ணு கேட்டாக. "நான் அங்க நடந்து போறதுல உனக்கு என்ன பிரேமா குறைஞ்சு போச்சு?"

"அங்க போறதா இருந்தா அங்கயே இருந்துக்குங்க. இந்த வீட்டுப் படி ஏற வேணாம்"னேன். கோபத்துல சொல்றதுதான. எந்தப் பொம்பளை சொல்லாதது? அவுக நல்ல மனுசன், நாலு நாளு முறைச்சுக்கிட்டு இருப்பாக, அப்புறம் சரியாப் போகும்னு நினைச்சேன்.

மறுநா காலையில வாட்ச்சு டீவி மேல இருந்துச்சு. அவுக பிரம்பு நாற்காலியில.

"ரேஸ்கோர்ஸுக்குப் போகலாம்ல? உண்மையிலயே அங்க போங்களேன்"னேன்.

"காலு வலிக்குது."

"காலு வலிச்சா மருந்து போடுறேன்."

"வேணாம்."

அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் நானும் பேப்பரப் பிடுங்குனேன், செருப்பை எடுத்துப் போட்டேன், காப்பிய மறைச்சு வச்சேன். காப்பி இல்லைன்னா இல்லைன்னுட்டு உக்காந்திருந்தாக. பிடிவாதம்மா. அப்படி ஒரு பிடிவாதம் அந்த மனுசனுக்குள்ள எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியல. என்னையப் பழிவாங்கணும்னே உக்காந்தாக. இப்பவும் சொல்றேன், அவுக உக்காந்தது என்னைய நோக வைக்கத்தான்.

சுபா போன் அடிச்சிட்டா. "அம்மா, அப்பாவுக்கு என்ன? ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. நடக்கலையா?" நான் என்ன சொல்லுவேன்? உங்கப்பா அத்தை வீட்டுல கூழு குடிச்சாரு, நான் போயி சந்துல கத்துனேன்னு சொல்லவா? அவ அங்க வேலையப் பாப்பாளா, பிள்ளையப் பாப்பாளா, இதுக்கு அழுவாளா? "சார்ஜ் இல்லடி, போட்டு வச்சிருக்கேன்"னேன். மறுநாளும் கேட்டா. மூணாம் நாள் குரல் உடைஞ்சிருச்சு. "நான் லீவு போட்டு வாறேம்மா"ங்கிறா.

அன்னைக்குத்தான் அந்த வாட்ச்ச எடுத்து என் கையில கட்டுனேன்.

எதுக்குக் கட்டுனேன்? என் மக நிம்மதிக்குத்தான? எனக்கு என்ன ஆசையா? முழங்கால் தேஞ்சு போயிக் கிடக்கு, டாக்டரு மாடிப்படியே ஏறாதன்னவரு. நான் தினமும் விடியுமுன்ன அவுக பேர்ல மொட்டை மாடியில சுத்தி வந்தேன். அவுக செல்போனையும் முந்தியில முடிஞ்சுக்குவேன். இந்தக் கைப்பிடிச் சுவருலருந்து அந்தத் தண்ணித் தொட்டி, தொட்டியிலருந்து சுவரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நடப்பேன். சுபா கேட்டா, "ஏன் வீட்டுக்குள்ளயே சுத்துறாரு?" "வெளிய நாய்த் தொல்லைடி, மாடியில நடக்கச் சொல்லிட்டேன்"னேன். நம்பிட்டா. கைதட்டுற படம் வந்துச்சு. "அப்பா சூப்பர்"னு எழுதி அனுப்புவா. அவுககிட்டக் காட்டுவேன். பாப்பாக. "ம்"பாக. காட்டிக் குடுக்கல பாத்தியா, அது வரைக்கும் நல்லவுகதான்.

ஒருதரம் நான் வாட்ச்சைக் கட்டும்போது பாத்துக்கிட்டே இருந்தாக. "நல்லா நட பிரேமா. உனக்காச்சும் ஆகட்டும்"னாக. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அது சிரிப்பு இல்லம்மா.

சுபா ஒருநா சந்தோசமாச் சொன்னா, "அப்பா நெஞ்சுத் துடிப்பு இப்ப எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமாம்மா? டாக்டர்கிட்டயே காட்டலாம்"னு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமைதான். என் நெஞ்சு நல்ல நெஞ்சு. எங்க அம்மா வழியில யாருக்கும் நெஞ்சு நோவே கிடையாது.

அது ஆடி மாசம். அன்னைக்கும் மாடியில நடந்துட்டு இறங்கி வந்தேன். அவுக நாற்காலியில தலையச் சாய்ச்சிருந்தாக. எந்திரிச்சதும் மறுபடி தூக்கமான்னு நினைச்சேன். காப்பியக் கொண்டாந்து வச்சேன். "ஆறிப் போகுது, குடிங்க"ன்னேன். உள்ள போயி சட்னிக்கு அரைச்சேன். வந்து பாத்தா காப்பி மேல ஆடை கட்டியிருக்கு. திட்டுனேன். "உங்களுக்கு ஒவ்வொண்ணையும் பத்துத் தடவை சொல்லணுமா?"ன்னு திட்டிக்கிட்டே தோளத் தொட்டேன்.

ஜில்லுன்னு இருந்துச்சு.

ஜெசிந்தா டீச்சர்தான் தெருமுனை டாக்டரைக் கூட்டியாந்துச்சு. அவரு தொட்டுப் பாத்துட்டு, விடியுமுன்னயே போயிருச்சும்மான்னாரு. டீச்சர்தான் எல்லாருக்கும் சொல்லிவிட்டுச்சு. நான் சொல்லல, எனக்கு எங்க நினைப்பு? செல்லூருக்கும் அதுதான் சொல்லியிருக்கு.

தனபாக்கியம் வந்தா. தலைமாட்டுக்கு வரல. நேராக் கால்மாட்டுல விழுந்தா. ரெண்டு பாதத்தையும் பிடிச்சுக்கிட்டு ஊரே கேக்குற மாதிரி அழுறா. "தினமும் கூழு காய்ச்சி வச்சேனேண்ணே. இன்னைக்கு வருவ, நாளைக்கு வருவன்னு நாற்காலிய எடுக்காம வச்சிருந்தேனேண்ணே. என் மேல கோபம்னு நினைச்சேனே, இந்தக் காலு நடக்கவே இல்லையாண்ணே"ங்கிறா. வந்தவுக எல்லாம் என்னையத் திரும்பிப் பாக்குறாக. துக்க வீட்டுல வந்து இப்படியா பேசுறது? ஒரு நாகரிகம் வேணாம்?

அந்த நேரம் பாத்து சுபா கார்ல வந்து இறங்குறா. அத்தை அழுறது மொத்தமும் அவ காதுல விழுந்துருச்சு. அப்பனைக் கட்டிப் பிடிச்சு அழுதா. அப்புறம் டாக்டரு எத்தனை மணிக்குன்னு சொன்னாருன்னு டீச்சர்கிட்டக் கேட்டா. டீச்சரு சொல்லுச்சு. இவ போனை எடுத்துப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. மெதுவாத் திரும்பி என் கையைப் பாத்தா.

கழட்ட மறந்துட்டேம்மா. அந்தப் பதட்டத்துல எவளுக்கு ஞாபகம் இருக்கும்? வாட்ச்சு என் கையிலயே கிடக்கு.

"அப்பா செத்த பிறகு நடந்திருக்காரும்மா"ன்னா. சத்தமே இல்லாமச் சொன்னா. "நெஞ்சும் துடிச்சிருக்கு. நான் பாத்துட்டுக் கைதட்டி அனுப்பினேன். யாருக்கும்மா அனுப்பினேன்?"

நான் சொன்னேன், "உனக்காகத்தான்டி, நீ கவலைப்படக் கூடாதுன்னுதான்டி"ன்னு. அவ கேக்கல. மாப்பிள்ளை வேற எரியிற நெருப்புல எண்ணெய ஊத்துற மாதிரி, "அத்தை, அது மாமா கையில இருந்திருந்தா துடிப்பு மாறுனதுமே எங்களுக்கு அடிச்சிருக்கும். முன்னாடியே காட்டியிருக்கும்"கிறாரு. இருந்திருந்தா! இருந்திருந்தா மட்டும் என்ன, கோயமுத்தூருலருந்து பறந்தா வந்திருப்பாக? விதி முடிஞ்சவுகள வாட்ச்சு நிறுத்துமா? நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. நிறுத்துமா? இல்ல, நீ சொல்ல வேணாம். விடு.

காரியம் முடிஞ்ச அன்னைக்கு சுபா என் வீட்டுல தங்கல. பெட்டிய எடுத்துக்கிட்டு செல்லூருக்குப் போயிட்டா. அங்க அத்தை வீட்டுல சாப்பிட்டு, அங்கருந்தே ஊருக்கு. போகும்போது, அது வரைக்கும் என் கையிலயே கிடந்த வாட்ச்சை அவளே கழட்டுனா. "போதும்மா. இனிமே யாரு பேர்லயும் நடக்காத"ன்னா. மரியாதையாத்தான் சொன்னா. திட்டியிருந்தா நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

ஒரு வாட்ச்ச வாங்கிக் குடுத்துட்டு அவ பாட்டுக்கு அங்க உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. இங்க எந்திரிக்க வச்சவ யாரு? காலு தேஞ்சவ யாரு? எல்லாக் கெட்ட பேரும் எனக்கு. கூழு காய்ச்சுனவ நல்லவ. நான்தானம்மா அவுகள நடக்க வச்சேன்?

அதுலருந்து சுபா என் போன எடுக்கிறதில்ல. தீபாவளிக்கும் எடுக்கல. மாப்பிள்ளை எடுத்தாரு, "அவ ஆபீசுல இருக்கா அத்தை"ன்னாரு. தீபாவளி அன்னைக்கு என்ன ஆபீசு? நாளைக்குப் பேரனுக்குப் பிறந்தநாளு. வரச் சொல்லி யாரும் கூப்பிடல. நானாத்தான் பஸ் ஏறிட்டேன்.

பல்லடம் வந்துருச்சா? அப்ப இன்னும் கொஞ்ச நேரந்தான்.

ஏம்மா, ஒரு உதவி செய்வியா? உன் போன்லருந்து அவளுக்கு ஒரு தடவை போட்டுக் குடேன். என் நம்பருன்னா எடுக்க மாட்டா. புது நம்பருன்னா ஆபீசுல யாரோன்னு எடுப்பா. நம்பரு எனக்கு மனப்பாடமாத் தெரியும், சொல்றேன். நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லிராத. நீயும் வேற ஒண்ணும் பேச வேணாம். ராங் நம்பருன்னு சொல்லிட்டு வச்சிரு. ஸ்பீக்கர்ல மட்டும் போடு.

எடுத்ததும் ஹலோன்னு ஒரு வார்த்தை சொல்லுவால்ல? அதக் கேட்டா எனக்குத் தெரிஞ்சுரும், இறங்கலாமா, இல்ல இதே பஸ்ஸுல திரும்பிரலாமான்னு.